உடன்பிறந்தோர் வளர்த்த நாடகமும் திரைப்படமும்

கே.கே. நகரில் வசிக்கும் எங்களுக்குத் திரைப்பட உலகம் தொலைவில் இல்லை. வடபழனியைக் கடந்து ஆற்காடு சாலையில் செல்லும் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்துவிட்டால், ஏ.வி.எம். ஸ்டூடியோவின் உலக உருண்டை கண்ணில் பட்டு மறையும். 1940-களின் இறுதியில் ஏ.வி.எம்மும் வாகினியும் இப்பகுதியில் அமைந்த பிறகே, கோடம்பாக்கம் என்றால் சினிமா என்ற பொருள் வழக்கில் வந்தது. ஆயினும் பள்ளி ஆண்டு மலரில் சினிமாவைப் பற்றி எழுதுவதா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நட்சத்திரங்களின் ஆடை அணிகளைப் பற்றி நாங்கள் எழுத வரவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே தொழிலில் சேர்ந்து நிற்பது எப்படி என்பதே எங்கள் கேள்வி. ஒரு ஜியோமெட்ரி பெட்டியைப் பங்கிட்டுக் கொள்ளவே எங்கள் வீடுகளில் பஞ்சாயத்து தேவைப்படுகிறது. பெயர், புகழ், பணம் ஆகிய மூன்றையும் பங்கிட்டுக் கொள்வது எளிதா என்ன?

இதற்கு விடை தேடினால் டி.கே.எஸ். சகோதரர்களிடம்தான் முதலில் செல்ல வேண்டும். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று நால்வர். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளையும் நாடக நடிகரே. ஸ்திரீபார்ட் வேடங்கள் ஏற்றவர். 1918-ஆம் ஆண்டில் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’ என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அண்ணன்மாருடன் அதில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு. நம் நர்சரி வகுப்புக் குழந்தைகளைவிட ஓரிரு வயதே மூத்த பிள்ளை!

அக்காலத்து ‘பாய்ஸ் கம்பெனி’ என்பது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். சிறுவர்கள் மட்டுமே நடிப்பார்கள். ஊர் ஊராகச் செல்வார்கள். உணவு, உறக்கம், பாடம், ஒத்திகை எல்லாம் கம்பெனி வீட்டில்தான். அரசனும் சிறுவன், அரசியும் சிறுவன். பன்னிரண்டு, பதினான்கு வயதில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும். அதை ‘மகரக்கட்டு’ என்பர். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், பாட்டே நாடகத்தின் உயிராக இருந்தபோது, மகரக்கட்டு ஒரு சிறுவனின் பிழைப்பையே பறித்துவிடக்கூடும். நேற்றுவரை ராஜபார்ட் போட்டவன் இன்று கூட்டத்தில் ஈட்டி பிடித்து நிற்பான். முறையான பள்ளிப் படிப்பும் இல்லாத நிலையில் அவன் வேறு எங்கே செல்வது?

இந்த இடத்தில்தான் உடன்பிறப்பின் பயன் எங்களுக்குப் புரிந்தது. தனியே வந்த பிள்ளை தன் குரலை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். அண்ணன் தம்பியராக வந்தவர்களில் ஒருவருக்குக் குரல் போனாலும் மற்றவர் தாங்கிக்கொள்வார். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1925-இல், சகோதரர்கள் ‘மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா’ என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினர். அப்போது சண்முகத்துக்குப் பதின்மூன்று வயதுதான். பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்களைவிட இளையவர் ஒரு கம்பெனியின் முதன்மை நடிகர்!

வேலைப் பங்கீடும் ஒருவாறு இயல்பாகவே அமைந்தது. மூத்தவர் சங்கரன் நிர்வாகத்தைக் கவனித்தார். முத்துசாமி நாடகங்களை எழுதியும் தழுவியும் அமைத்தார். சண்முகமும் பகவதியும் மேடையை ஆண்டனர். பிற்காலத்தில் ‘ராஜராஜ சோழன்’ நாடகத்தில் பகவதி ஏற்ற சோழன் வேடமும், ‘சம்பூர்ண ராமாயணம்’ (1958) படத்தில் அவர் ஏற்ற இராவணன் வேடமும் பெரியோர் நினைவில் இன்றும் உள்ளன. எங்களுக்கோ சங்கரன் மீதே மதிப்பு அதிகம். கைதட்டல் கேட்கும் நேரத்தில் உள்ளே அமர்ந்து, டிக்கெட் வசூலையும் மறுநாள் சாப்பாட்டுச் செலவையும் கணக்குப் பார்க்க ஓர் அண்ணன் இல்லாவிடில், நால்வரும் என்றோ நான்கு திசையில் சென்றிருப்பர்.

மேடையில் வென்ற நாடகத்தைத் திரைக்குக் கொண்டு செல்லவும் அவர்கள் தயங்கவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து நாடகமாகிய ‘மேனகா’, ராஜா சாண்டோவின் இயக்கத்தில் 1935-இல் படமாயிற்று. புராணக் கதைகளே மிகுந்திருந்த அந்நாளில் அது ஒரு சமூகக் கதை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் அந்தக் குழுவிலிருந்து அதில் நடித்தார். ‘குமாஸ்தாவின் பெண்’ 1941-இலும், ‘பில்ஹணன்’ 1948-இலும் திரைக்கு வந்தன. ஆனால் சினிமா ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது. குழுவில் தேறிய நடிகர்கள் ஒவ்வொருவராகப் படவுலகிற்குச் சென்றனர். சண்முகமோ படங்களில் நடித்தும் நாடகத்தை விடவில்லை. ‘ஔவையார்’ நாடகத்தில் முதுபெரும் கிழவியாக அவர் நடித்ததால் ‘ஔவை’ என்பது அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. கோபாலபுரம் பக்கத்து லாயிட்ஸ் சாலைக்கு இன்று ஔவை சண்முகம் சாலை என்று பெயர். அவ்வழியே செல்லும் எத்தனை பேருக்கு அந்த ‘ஔவை’ ஓர் ஆடவர் என்பது தெரியுமோ!

இனி அடுத்த குடும்பத்திற்கு வருவோம். ஏ.வி.எம்மின் ‘களத்தூர் கண்ணம்மா’ (1960) படத்தில் குழந்தையாக நடித்த கமல்ஹாசன், பின்னர் சண்முகத்தின் நாடகக் குழுவில் பயிற்சி பெற்றார். 1996-இல் வந்த தம் படத்திற்கு ‘அவ்வை சண்முகி’ என்று அவர் பெயரிட்டதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். அவருடைய அண்ணன்மார் சாருஹாசனும் சந்திரஹாசனும் வழக்கறிஞர்கள். மூவருமாக ‘ஹாசன் பிரதர்ஸ்’ என்ற பெயரில் 1981-இல் ‘ராஜ பார்வை’ எடுத்தனர். பார்வையற்ற வயலின் கலைஞர் ஒருவரின் கதை. கமலுக்கு நூறாவது படம். பாராட்டு வந்த அளவு பணம் வரவில்லை. ஆயினும் சந்திரஹாசன் தம்பியின் பட நிறுவனத்தை விட்டுப் போகவில்லை; நிர்வாகப் பொறுப்பில் நீண்ட காலம் இருந்தார். இங்கும் ஒரு சங்கரன்!

பிற்காலத்தவரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எங்கள் தோழியர்க்கு அவை மனப்பாடம். அண்ணன் ராஜா இயக்க, தம்பி ரவி நடித்தது 2003-இல் வந்த ‘ஜெயம்’. அதே ஆண்டில் ‘காதல் கொண்டேன்’ படத்தில் செல்வராகவன் தம்பி தனுஷை இயக்கினார். 2024-இல் ‘ராயன்’ படத்தைத் தம்பி இயக்க, அண்ணன் அதில் நடித்தார். 2018-இல் கார்த்தி நடித்த ‘கடைக்குட்டி சிங்கம்’ படத்தின் தயாரிப்பாளர் அண்ணன் சூர்யா.

இவ்வளவும் எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது எங்களில் ஒருத்தி கேட்டாள்: “எல்லாம் அண்ணன் தம்பிதானா? அக்கா தங்கை எங்கே?” நியாயமான கேள்வி. திருவாங்கூர் சகோதரிகள் லலிதா, பத்மினி, ராகினி மூவரையும் எங்கள் பாட்டிமார் உடனே சொல்லிவிடுவர். உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த ‘கல்பனா’ (1948) படத்தில் லலிதாவும் பத்மினியும் ஆடினர். அதன்பின் தமிழ்ப் படங்களில் இச்சகோதரியரின் நடனம் இடம்பெறுவது வழக்கமாயிற்று. ஆனால் அவர்கள் காமிராவுக்கு முன்னால் நின்றவர்கள். கதையை முடிவு செய்ததும், “கட்” என்று சொன்னதும் பிறரே.

காமிராவுக்குப் பின்னால் செல்லப் படிப்பும் பயிற்சியும் வேண்டும். அந்தக் கதவை ஒரு பெண் தட்டினாள். சாருஹாசனின் மகள் சுஹாசினி, அடையாறு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்றவர். அப்பிரிவின் முதல் மாணவி என்பர். ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தவரை, மகேந்திரன் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) படத்தில் நடிக்க வைத்தார். முந்திய ஆண்டுதான் தந்தையார் சாருஹாசன் அதே மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ படத்தில் நடித்திருந்தார். ‘சிந்து பைரவி’ (1985) சுஹாசினிக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது. ஆனாலும் காமிராவை அவர் மறக்கவில்லை.

ஆங்கிலத்தில் பெரியப்பா மகளை ‘கசின்’ என்று தள்ளி வைத்துவிடுவார்கள். நம் வீடுகளில் பெரியப்பா மகள் அக்காதான். உறவு முறையில் எள்ளளவும் குறைவில்லை. ஆகவே எங்கள் தோழிக்கு விடை கூற ஒரு படம் இருக்கிறது. 1995-இல் வெளிவந்த ‘இந்திரா’. சாதிப் பகையால் இரண்டுபட்ட கிராமங்களையும், அவற்றை ஒன்று சேர்க்க முனையும் ஒரு பெண்ணையும் பற்றிய கதை. இயக்கியவர் சுஹாசினி, வெள்ளித்திரைக்கு அவர் இயக்கிய முதற்படம் அது. இந்திராவாக நடித்தவர் சந்திரஹாசனின் மகள் அனு ஹாசன். அவருக்கும் அதுவே முதற்படம். தந்தையர் ‘ஹாசன் பிரதர்ஸ்’ என்று படமெடுத்த பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், காமிராவுக்குப் பின்னால் அக்காவும் முன்னால் தங்கையும் நின்றனர்.