பிளாஸ்டிக் உறைக்குள்ள இருந்தா ஒரிஜினலா? பழைய நாணயம் வாங்க, விற்க நினைக்கிறவங்க கவனத்துக்கு

சி.ஏ. முடிச்ச புதுசு. முதல் வேலை, கையில கொஞ்சம் மிச்சம். ஆன்லைன்ல 1939-ம் வருஷத்து வெள்ளி ஒரு ரூபாய் நாணயம் ஒண்ணு 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். கெட்டியான பிளாஸ்டிக் உறை, லேபிள், பார்கோடு, தர எண் எல்லாம் இருந்தது. 'சர்ட்டிஃபைடு'ன்னு போட்டிருந்தாங்க. வேற என்ன வேணும்?

ரெண்டு மாசம் கழிச்சு, லேபிள்ல இருந்த சர்ட்டிஃபிகேட் எண்ணை கிரேடிங் கம்பெனியோட வெப்சைட்ல சும்மா போட்டுப் பார்த்தேன். வந்தது ஒரு அமெரிக்க வெள்ளி டாலர்! எண் மட்டும்தான் நிஜம். நாணயம், லேபிள், உறை மூணுமே போலி. விற்றவர் அக்கவுண்ட்டை மூடிட்டுப் போயிட்டார். ரிட்டர்ன் கெடுவும் முடிஞ்சிருந்தது.

ஆபீஸ்ல ஒவ்வொரு வவுச்சரையும் டிக் அடிச்சுப் பார்க்கிறவன், சொந்தப் பணத்துக்கு ஒரு நிமிஷம் செலவழிக்கல. நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

அந்த எண் என்ன சொல்லுது?

உலக அளவில் பெரிய கிரேடிங் கம்பெனிகள் ரெண்டு: 1986-ல் வந்த பிசிஜிஎஸ், 1987-ல் வந்த என்ஜிசி. ரெண்டும் அமெரிக்கக் கம்பெனிகள். நாணயம் அசலா, எந்த நிலையில இருக்குன்னு பார்த்து, 1 முதல் 70 வரை ஒரு எண் கொடுத்து, உறையில சீல் வைப்பாங்க. 60-க்கு மேலன்னா புழக்கத்துக்கே போகாத நாணயம்.

இந்த அளவுகோலை 1949-ல் கொண்டு வந்தவர் வில்லியம் ஷெல்டன். 70 வாங்கின நாணயம், 1 வாங்கினதைவிட 70 மடங்கு விலை போகும்னு அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு எப்பவோ காலாவதி. எண் மட்டும் நின்னுடுச்சு. அதனால தெளிவா வச்சுக்கோங்க: கிரேடு என்பது நாணயத்தோட நிலை பற்றிய கருத்து. அது விலை இல்லை. கோடிக்கணக்கில் அடிச்ச நாணயத்துக்கு 66 கிடைச்சாலும், வாங்க ஆள் இருந்தால்தான் பணம்.

இன்னொரு விஷயம். பாட்டியோட பூஜைப் பெட்டியில இருக்கிற வெள்ளிக் காசை விபூதி, புளி போட்டுப் பளபளன்னு தேய்ச்சிடாதீங்க. அசல் நாணயமா இருந்தாலும், தேய்ச்சதுன்னு தெரிஞ்சா எண் கிடைக்காது. 'டீடெயில்ஸ்'னு குறிச்சு அனுப்பிடுவாங்க. சேகரிப்பாளர்கள் விலையைக் குறைச்சுடுவாங்க.

வாங்கும் முன் மூணு செக்

ஒண்ணு, சர்ட்டிஃபிகேட் எண்ணைக் கம்பெனி வெப்சைட்ல நீங்களே டைப் பண்ணுங்க. விற்பவர் அனுப்பும் லிங்க்கை அழுத்தாதீங்க.

ரெண்டு, எண் சரியா இருந்தாலும் நிறுத்தாதீங்க. நிஜ எண்ணைத் திருடித்தான் போலி லேபிள் அடிக்கிறாங்க. வெப்சைட்ல படம் இருந்தா, கீறல், கறை வரைக்கும் ஒப்பிட்டுப் பாருங்க.

மூணு, அது ஏன் அபூர்வம்னு கேளுங்க. 1940-ல் ரூபாயில் இருந்த வெள்ளி 91.7 சதவீதத்தில் இருந்து 50 சதவீதமாக் குறைஞ்சது. 1939 நாணயம் பழைய தரத்துல வந்தது, இன்னைக்குக் கிடைக்கிறது கஷ்டம். போலிகள் குவியறதும் அதனாலதான்.

தளத்தோட விதி உங்களை எவ்வளவு காப்பாத்தும்?

இபே மாதிரி தளத்துல நாணயத்துக்குத் தனி விதிகள் இருக்கு. நகல் நாணயம் விற்க 2012 முதல் தடை. அங்கீகரிச்ச கம்பெனி கொடுக்காத தர எண்ணைப் போட்டு விற்கவும் கூடாது. ஆனா வாங்குறவரையும் விற்கிறவரையும் போன்ல இணைச்சு விடுற விளம்பரத் தளங்கள்ல யாரும் நாணயத்தைச் சரிபார்ப்பதில்லை. பணம் கைமாறிட்டா உங்க பாடு.

நம்ம நாட்டு 2020 இ-காமர்ஸ் விதிகள்படி, தளத்தோட குறைதீர்ப்பு அதிகாரி உங்க புகாரை 48 மணி நேரத்துக்குள்ள ஏற்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். பார்சல் வந்த அன்னைக்கே பிரிச்சு, வீடியோ எடுத்து, எண்ணைச் சரிபாருங்க. என்னை மாதிரி ரெண்டு மாசம் அலமாரியில வச்சு ரசிக்காதீங்க. பிரச்சினைன்னா நுகர்வோர் உதவி எண் 1915. மோசடின்னா உடனே 1930.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

இங்கதான் பலர் சிக்குறாங்க. 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டிய நாணயம் தொல்பொருள். மத்திய அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேற யாரும் அதை ஏற்றுமதி பண்ண முடியாது. மீறினா சிறைத்தண்டனை வரை போகும். விக்டோரியா ராணி படம் போட்ட ரூபாயை கிரேடிங்குக்குன்னு அமெரிக்காவுக்கு கூரியர் போட்டுடாதீங்க.

சட்டச் சிக்கல் இல்லாத நாணயத்துக்கும் கணக்குப் போடுங்க. கட்டணம், இன்சூரன்ஸ், கூரியர் சேர்த்து 5,000 ரூபாய் ஆகுதுன்னு வைங்க. 3,000 ரூபாய் பெறும் நாணயத்துக்கு அது நஷ்டக் கணக்கு.

வித்தா வரி உண்டா?

"பூஜைக்கு வச்சிருந்த காசு, சொந்த உபயோகப் பொருள்தானே சார்?" இதே வாதத்தை தோல்பூர் மன்னர் உச்ச நீதிமன்றத்துல வச்சார். 1976-ல் நீதிமன்றம் அதை ஏற்கல. தங்க, வெள்ளி நாணயம் மூலதனச் சொத்துதான்.

24 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா லாபத்துல 12.5 சதவீதம் வரி. அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப் படி. தாத்தாகிட்ட இருந்து வந்ததுன்னா அவர் வச்சிருந்த காலமும் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடி அவர் வாங்கியிருந்தா, அன்றைய சந்தை மதிப்பையே வாங்கின விலையா எடுத்துக்கலாம். வாங்கி விற்கிறதையே தொழிலா செஞ்சா வியாபார வருமானம்.

கடைசியா, அந்த வாட்ஸ்அப் மெசேஜ்

"வைஷ்ணவ தேவி நாணயம் இருக்கா? 10 லட்சம் தர்றோம்!" முதல்ல ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்பாங்க. அப்புறம் வரி, அப்புறம் ரிசர்வ் வங்கி கமிஷன். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே தெளிவாச் சொல்லிடுச்சு: இந்த வேலையில நாங்க இல்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கல, கமிஷன் கேட்பதும் இல்லை. விற்கிறவர்கிட்டயே முன்பணம் கேட்டா அது மோசடி. பேச்சை அங்கேயே நிறுத்துங்க.

நாணயம் சேகரிப்பது அருமையான பழக்கம். நானும் விடல. ஆனா அதை எஸ்ஐபிக்குப் பதிலா நினைக்காதீங்க. பொழுதுபோக்குக்கு ஒதுக்கின பணத்துல மட்டும் வாங்குங்க. அந்தப் போலி 1939 இன்னும் என் ஆபீஸ் மேஜையில்தான் இருக்கு. எந்த பேப்பர்லயும் கையெழுத்துப் போடும் முன் அதை ஒரு தடவை பார்த்துப்பேன்.

உங்க வீட்டுப் பெட்டியில என்ன காசு இருக்கு? கமெண்ட்ல சொல்லுங்க. ஆனா சர்ட்டிஃபிகேட் எண் தெரியுற மாதிரி போட்டோ மட்டும் போடாதீங்க!