ஊர் மாநகரானது, உழைப்பாளிக்கு என்ன கிடைத்தது?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர்ச் சாலையில் செல்வோர், நகரம் எங்கே முடிகிறது, வேங்கிக்கால் எங்கே தொடங்குகிறது என்று இன்று எளிதில் சொல்லிவிட இயலாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் கடைகளும் மனைப்பிரிவுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதியோரைக் கேட்டால் ஏரியையும், அதன் நீரால் விளைந்த வயல்களையும் பற்றிச் சொல்வார்கள்.

அண்மையில் இல்லச் சந்திப்பின்போது ஒரு தாய் நம்மிடம் ஓர் அட்டையைக் காட்டினார். நூறு நாள் வேலைக்குரிய அட்டை அது. “சாமி, எங்க ஊரு மாநகராட்சி ஆயிடுச்சாம். வீட்டு வரி ஏறும்னு சொல்றாங்க. இந்த அட்டைய இனிமே என்ன பண்றது?” என்று கேட்டார். உடனே விடை கூற நம்மால் முடியவில்லை. அந்தக் கேள்வியை இன்று நம் குடும்பங்கள் அனைத்தின் முன்னும் வைக்க விழைகிறோம்.

வேங்கிக்கால் வளர்ந்த கதை 1989-இல் தொடங்குகிறது எனலாம். அதுவரை இப்பகுதி வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாவட்ட அலுவலகங்களை நாடியவர்கள் வேலூர் வரை செல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமையவே, ஊழியர் குடியிருப்புகளும் கடைகளும் பெருகின. நிலம் உடையவருக்கு மனை விலை உயர்ந்தது. நிலமில்லாதவருக்கோ நிகழ்ந்தது வேறு. வயல் மனையானபோது நடவும் களையெடுப்பும் அறுவடையும் அதனோடு மறைந்தன. விற்ற பணம் ஒருவர் கையில் சேர, இழந்த கூலி மற்றொருவர் வீட்டில் வெற்றிடமானது.

அந்த வெற்றிடத்தில் ஓரளவு சோறிட்டது நூறு நாள் வேலைத் திட்டம். 2005-இல் இயற்றப்பட்ட சட்டம், 2006 பிப்ரவரி 2-ஆம் நாள் நாட்டின் 200 மாவட்டங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அவ்வாறு தேர்ந்துகொள்ளப்பட்ட ஆறு மாவட்டங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. வேலை கேட்டவருக்குப் பதினைந்து நாள்களுக்குள் வேலை தர வேண்டும். இல்லையேல் வேலையில்லாக்காலப் படி தர வேண்டும். இயன்றவரை ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை அமைய வேண்டும் என அச்சட்டம் விதித்தது. தொடக்கத்தில் நம் மாநிலத்தில் 80 ரூபாயாக இருந்த நாட்கூலி, 2025-இல் 336 ரூபாயாக உயர்ந்திருந்தது. இங்கு இவ்வேலையை நாடி வந்தவர்களுள் பத்துப் பேரில் எண்மருக்கு மேல் பெண்களே. ஏரி தூர்வாரி, வரத்துக் கால்வாய் வெட்டி அவர்கள் ஈட்டிய கூலி, மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவிற்று.

2024-இல் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. சுற்றிலுமுள்ள ஊராட்சிகள் பலவற்றோடு வேங்கிக்காலும் அதன் எல்லைக்குள் சேர்ந்தது. இதனால் வரும் நன்மையை நாம் மறுக்கவில்லை. இத்துணை பெருகிய மக்களுக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் தெருவிளக்கும் குப்பை அகற்றலும் ஓர் ஊராட்சியின் வருவாயால் நிறைவேறக் கூடியவை அல்ல. ஏரி நிரம்பும் காலத்தில் உபரிநீர் செல்லக் கால்வாய் வேண்டும். அது வீடுகளுக்கிடையே குறுகிவிட்டால், நீர் வீட்டுக்குள் நுழைவதன்றி வேறென் செய்யும்? இவற்றைச் சீர்செய்யப் பெரிய அமைப்பும் பெருநிதியும் தேவையே.

ஆயினும் நூறு நாள் வேலை ஊரகத்துக்கு மட்டுமே உரியது. ஊர் நகரமானால் உரிமை விலகிவிடுகிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்கு மாற்றாக நிறைவேற்றிய புதிய சட்டம், வேலை நாள்களை 125 என்று கூறுகிறது. அதுவும் ஊரகக் குடும்பங்களுக்கே. ஊராட்சிகளை நகரங்களோடு இணைப்பதை நம் மாநிலத்தின் பல ஊர்களில் மக்கள் எதிர்த்ததற்கு இதுவே முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஊரின் பெயர்ப்பலகையை மாற்றுவதால், அந்தத் தாய் நகரவாசிக்குரிய தொழிலைக் கற்றவராகிவிடுவாரா? செய்யாறு காலணித் தொழிற்சாலைகள் இளம் பெண்கள் பலருக்கு வாழ்வளித்துள்ளன. ஐம்பதைக் கடந்து, எழுத்தறியாது, மண்வெட்டி மட்டுமே பிடித்துப் பழகிய கைகளை எந்த ஆலை அழைக்கும்?

நகரத்து ஏழைக்கும் வேலை உறுதி இயலாததன்று. கேரளத்தில் அய்யன்காளியின் பெயரால் நகர்ப்புறக் குடும்பங்களுக்கு நூறு நாள் வேலைத் திட்டம் வகுக்கப்பட்டது. தமிழ்நாடும் 2022-இல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைத் தொடங்கி, முதலில் 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனால் திட்டம் வேறு, சட்டம் தரும் உரிமை வேறு. திட்டம் இருந்தால் கிடைக்கும். உரிமையையோ கேட்டுப் பெறலாம்.

1981-இல் மனித உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் வரைந்த பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், வேலையின்மையைத் தீமை என்றே குறிப்பிட்டு, வேலையற்றோரைத் தாங்கும் கடமை சமுதாயத்துக்கு உண்டு என்று உணர்த்தினார். ஆகவே இது அரசியலாரின் கவலை மட்டுமன்று; நம் கவலையும் ஆகும்.

நாம் செய்யக் கூடியவை யாவை? கிராம சபை மறைந்த இடத்தில் நகரங்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. 2022-இல் அதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. அக்கூட்டங்கள் முறையாக நடைபெற வேண்டுமெனக் கேட்போம். நடக்கும்போது நம் பெண்கள் முன்வரிசையில் அமர்ந்து வேலையையும் கால்வாயையும் பற்றிப் பேசட்டும். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்வோர் தத்தம் நல வாரியத்தில் பதிவு பெறப் படித்த பிள்ளைகள் துணை நிற்கட்டும். வீட்டுப் பணிக்கு ஆள் வைத்திருப்போர், அவர் இன்று வேறு வழியற்று நிற்கிறார் என்பதற்காகக் கூலியைக் குறைத்துப் பேசாதிருக்கட்டும்.

திராட்சைத் தோட்ட உவமையில், மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் சிலர் நின்றிருந்தனர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை ஒருவரும் அழைக்கவில்லை. தோட்டத்து உரிமையாளரோ அவர்களையும் அழைத்தார். முழுநாட் கூலியும் தந்தார். அகன்ற சாலையும் ஒளிரும் விளக்கும் வரட்டும், மகிழ்வோம். அந்த விளக்கின் கீழ், பழைய அட்டையோடு நிற்கும் அந்தத் தாயை வேலைக்கு அழைப்பவர் யார் என்று கேட்க மட்டும் மறவாதிருப்போமாக.