உஷார்! காட்டேஜ் வாசலில் இருக்கும் கடலை நம்பாதீர்கள்

தங்கவயல் மக்களே, மகாபலிபுரம், பாண்டிச்சேரி, வேளாங்கண்ணி என்று கடலோரக் காட்டேஜில் ஒரு வாரம் தங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

2024 டிசம்பர் 10 அன்று முருடேஸ்வர் கடலில் நான்கு பள்ளி மாணவிகள் மூழ்கி இறந்தார்கள். வேறெங்கோ உள்ள பிள்ளைகள் அல்ல; நம் கோலார் மாவட்டத்து முல்பாகல் பக்கமிருந்து சுற்றுலா போனவர்கள். அதே ஆண்டு மே 6 அன்று நாகர்கோவில் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். எங்கோ தொலைக்கடலில் எழுந்த அலை, காற்றும் மழையும் இல்லாத கரையில் வந்து திடீரென ஏறும். அதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயர். அன்றைய கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது.

பேத்தமங்கலம் ஏரியில் நீந்திப் பழகியவர்கள்கூடக் கடலில் ஏமாறுகிறார்கள். ஏரித் தண்ணீர் நிற்கும், கடல் இழுக்கும். அலைகள் கரையில் குவிக்கும் தண்ணீர், மணல்திட்டுகளுக்கு நடுவே வழி கிடைத்த இடத்தில் வேகமாகக் கடலுக்குத் திரும்புகிறது. சில சமயம் அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் வீரரும் அதை எதிர்த்து நீந்த முடியாது. இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலை இல்லாமல் சாந்தமாக, கொஞ்சம் கருத்துத் தெரியும் இடம்தான் பெரும்பாலும் அந்த இழுப்பு. பிள்ளைகள் விளையாட நல்ல இடம் என்று நாம் தேர்ந்தெடுப்பதும் அதையேதான்!

‘தனிக் கடற்கரை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கூட்டம் இல்லாத கரையில் பெரும்பாலும் உயிர்காப்பாளரும் இருக்கமாட்டார். கத்தினாலும் கேட்க ஆள் இல்லை.

போனதும் முதல் வேலையாக உள்ளூர் மீனவரிடம் கேளுங்கள்: “அண்ணே, எங்கே இழுக்கும்? இன்னைக்கு இறங்கலாமா?” அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். கணுக்கால் அளவுத் தண்ணீரிலும் சிறு பிள்ளையின் கையை விடாதீர்கள். குடித்தவர்கள் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. இருட்டிய பிறகு யாரும் இறங்கவே கூடாது.

இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். அது ஆளை வெளியே கொண்டுபோகும், அடியில் அமுக்காது. உயிரைப் பறிப்பது பதற்றமும் களைப்பும்தான். மல்லாந்து மிதந்தபடி கையை ஆட்டுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு தளர்ந்ததும் கரைக்குத் திரும்புங்கள்.

கரையில் நிற்பவர்களே, கெஞ்சிக் கேட்கிறேன்: காப்பாற்றுவதாக நினைத்துப் பின்னாலேயே குதிக்காதீர்கள்! ஒருவர் போகிற இடத்தில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். கயிறு, காலி கேன், பந்து என்று மிதப்பது எதுவோ அதை வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள். 112-க்கு அடியுங்கள், கடலோரப் பாதுகாப்புக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554.

இந்த மூன்று எண்களையும் இப்போதே, வீட்டில் இருக்கும்போதே, எல்லார் போனிலும் ஏற்றிவிடுங்கள். இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் (INCOIS) வெளியிடும் அலை எச்சரிக்கையைத் தினமும் காலையில் பாருங்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில் திண்ணையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாலே போதும், அதுவும் ஓய்வுதான். போன எல்லாரும் திரும்பி வர வேண்டும்!