காகிதக் கதவுக்குப் பின்னால் தமிழ் இருக்கிறதா?

என் அக்காள் மகளுக்கு ஐந்து வயது. பாலர் பள்ளிக்குப் போகிறாள். ஒருநாள் காரில் போகும்போது, இவள் எத்தனை கேள்விதான் கேட்கிறாள் பார்ப்போமே என்று எண்ணிக்கொண்டே வந்தேன். கிள்ளானில் புறப்பட்டு பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்வதற்குள் கணக்கு நாற்பதைத் தாண்டியது. எனக்குப் பதில்கள் ஷா ஆலாமிலேயே தீர்ந்துவிட்டன.

அன்று நாங்கள் போனது அவளுடைய பிறந்தநாளுக்குப் புத்தகம் வாங்க. "அண்ணா, தமிழ்ல சின்னப் பிள்ளைங்க திறந்து பார்க்கிற மாதிரி, இழுத்து விளையாடுற மாதிரி புத்தகம் இருக்கா?" என்று ஒரு கடையில் கேட்டேன். கடைக்கார அண்ணன் கொஞ்சம் யோசித்தார். உள்ளே போய் எழுத்துப் பயிற்சி ஏடு இரண்டு, ஆண்டு 1 பயிற்சி நூல் மூன்று கொண்டு வந்து மேசையில் வைத்தார். "இதுல கலர் அடிக்கிற பக்கமும் இருக்கும்மா" என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டு. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாம் எதைக் கேட்டு வாங்குகிறோமோ, அதைத்தானே அவர் அடுக்கி வைப்பார்?

ஆனால் அக்காள் மகள் சொன்ன ஒன்று வீடு திரும்பும்வரை என்னை விடவில்லை. "சித்தி, தமிழ் புக்குன்னா எழுதணும். இங்கிலீஷ் புக்குன்னா விளையாடலாம்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவள் அலமாரியைப் பாருங்கள். ஆங்கிலத்தில் கதவு திறக்கும் புத்தகம், பட்டனை அமுக்கினால் மாடு கத்தும் புத்தகம், பக்கத்தைத் திருப்பினால் டைனோசர் எழுந்து நிற்கும் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. பாதிக்கு மேல் 'பிக் பேட் வுல்ஃப்' மலிவு விற்பனையில் வாங்கியவை. 2009இல் நம் கோலாலம்பூரில் தொடங்கி, பின்பு பல நாடுகளுக்குப் போன விற்பனை அது. ஸ்ரீ கெம்பாங்கானில் அது நடந்த ஆண்டுகளில் தள்ளுவண்டி நிறையப் புத்தகம் தள்ளிக்கொண்டு வந்த தமிழ்க் குடும்பங்களில் நாங்களும் ஒன்று. தமிழுக்கு அவள் அலமாரியில் இருப்பது கோடிட்ட இடத்தை நிரப்பும் ஏடு. ஐந்து வயதிலேயே ஒரு மொழி விளையாட்டுக்கு, இன்னொன்று வீட்டுப்பாடத்துக்கு என்று அவள் மனத்தில் பிரிந்துவிட்டது. பெரியவளானதும் எந்த மொழிப் புத்தகத்தைத் தானாக எடுப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் இந்த விளையாட்டுப் புத்தகங்கள் பலவும் ஏதோ பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தவை அல்ல. டாரதி குன்ஹார்ட் என்ற அமெரிக்கத் தாய் தம் மகளுக்காக, தொட்டுத் தடவிப் பார்க்கும் முயல் புத்தகம் ஒன்றைச் செய்தார். 1940இல் வெளிவந்த 'பேட் த பன்னி' அதுதான். எரிக் ஹில் விளம்பரத் துறையில் ஓவியர். தாளைத் தூக்கினால் அடியில் வேறு படம் தெரிகிற விளம்பரத்தாள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது, அவருடைய சின்ன மகன் அதையே திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்து மகிழ்ந்தான். ஸ்பாட் என்ற நாய்க்குட்டியைத் தேடும் புத்தகம் அப்படித்தான் 1980இல் வந்தது. எரிக் கார்ல், தாளில் துளை போடும் சாதாரண அலுவலகக் கருவியை வைத்துக்கொண்டு ஓட்டை விழுந்த தாள்களைப் பார்த்திருக்கிறார். யாரோ கடித்துத் தின்றதுபோல் தெரிந்திருக்கிறது. முதலில் அவர் யோசித்தது ஒரு புத்தகப்புழுவை. பதிப்பாசிரியர்தான் அதைக் கம்பளிப்பூச்சியாக மாற்றச் சொன்னார். 1969இல் வந்த அந்தப் பசிக்காரக் கம்பளிப்பூச்சி இன்றுவரை 5 கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றிருக்கிறது. துளையும் அளவு மாறும் பக்கமுமாக அதை அமெரிக்காவில் கட்டுப்படியாகும் விலைக்கு அச்சிட முடியாமல், ஜப்பானில்தான் முதலில் அச்சிட்டார்கள்.

தமிழில் இவை அரிதாக இருப்பதற்கு ஒரு காரணம் இங்கேதான் இருக்கிறது. கனத்த அட்டை வேண்டும். வெட்டுவதற்கு அச்சு செய்ய வேண்டும். காகிதக் கதவுகளைப் பெரும்பாலும் கையால்தான் ஒட்ட வேண்டும். இவ்வளவு செலவையும் பெரிய பதிப்பகங்கள் எப்படிச் சமாளிக்கின்றன தெரியுமா? படங்களைப் பல மொழிகளுக்கும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் அச்சிடுவார்கள். எழுத்து கறுப்பில் தனியாக இருக்கும். அந்தக் கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவார்கள். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிப் பதிப்பகங்கள் ஆளுக்கு இவ்வளவு பிரதி என்று சொல்லிவிட்டால் செலவு பங்கு பிரிந்துவிடும். அந்தப் பந்தியில் தமிழுக்கு இலை விழுவது அபூர்வம்.

முயற்சியே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் ஒரே படக்கதையைத் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, ஆங்கிலம் என ஒன்பது மொழிகளில் போடுகிறது. அதே கறுப்புத் தகடு உத்திதான், நம் வட்டாரத்து மொழிகளோடு. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழிப் புத்தகங்களும் அவர்களிடம் உண்டு. தமிழ் வாசிக்கத் தடுமாறும் இளம் பெற்றோருக்கு (நம்மில் பலர்தான், ஏன் வெட்கப்பட வேண்டும்?) இவை பெரிய உதவி. அதே சென்னையில் 1994 முதல் இயங்கும் தாரா புக்ஸ், கையால் செய்த தாளில் பட்டுத்திரை முறையில் அச்சிட்டு, கையாலேயே தைத்துப் புத்தகம் செய்கிறது. சுருளாக விரியும் புத்தகமும், துளைகளின் வழியே அடுத்த பக்கம் தெரியும் புத்தகமும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களின் பட்டியலில் ஆங்கிலமே அதிகம். விலையும் கொஞ்சம் கடிக்கும். லண்டனில் மந்த்ரா லிங்குவா என்ற நிறுவனம் ஆங்கிலத்தோடு தமிழும் சேர்ந்த படப் புத்தகங்களை வெளியிடுகிறது. பக்கத்தைத் தொட்டால் பேசும் பேனாவும் விற்கிறார்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகும் உறவினர் இருந்தால் முறுக்குக்குப் பதில் இவற்றில் இரண்டை எடுத்து வரச் சொல்லுங்கள்.

இனி, நானே எதிர்பார்க்காத ஒரு விஷயம். இழுக்கும் தாளும் எழுந்து நிற்கும் படமும் இருந்தால் பிள்ளை அதிகம் கற்றுக்கொள்ளும் என்றுதானே நினைப்போம்? ஜூடி டிலோச் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது வேறு. சின்னக் குழந்தைகள் சாதாரணப் படப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்ட அளவுக்கு, படம் எழுந்து நிற்கும் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. இழுப்பதிலேயே கவனம் போய்விடுகிறது. எங்கள் வீட்டு மாடு கத்தும் புத்தகத்தில் என்ன கதை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பட்டன் மட்டும் தேய்ந்து போயிருக்கிறது.

அப்படியென்றால் பிள்ளையை உள்ளே இழுப்பது எது? நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள் உள்ள சுமார் 30 குடும்பங்கள். ஒரு பாதிப் பெற்றோரிடம் வழக்கம்போல வாசிக்கச் சொன்னார்கள். மறுபாதியிடம், வாசிக்கும்போது நிறுத்திக் கேள்வி கேளுங்கள் என்றார்கள். "இது பூனையா?" போன்ற ஆம்-இல்லை கேள்வி அல்ல. "பூனை ஏன் அங்கே ஏறியது?" போன்றவை. பிள்ளை சொன்னதை எடுத்து இன்னும் இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லவும் பழக்கினார்கள். இரண்டு தரப்பும் வாசித்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே மாதத்தில் கேள்வி கேட்ட வீட்டுப் பிள்ளைகள் பேச்சில் பல மாதங்கள் முன்னே போயிருந்தார்கள்.

இதைச் செய்து பார்க்கும்போது என் தொழிலே எனக்கு எதிரியானது. வானொலியில் மூன்று விநாடி அமைதி விழுந்தால் எங்களுக்கு வியர்த்துவிடும். பிள்ளையிடம் அந்த மூன்று விநாடியைக் கொடுக்கத்தான் வேண்டும். ஐந்து விநாடிகூடத் தேவைப்படும். நான் முதல் வாரம் முழுக்கக் கேள்வியையும் கேட்டு, பதிலையும் நானே சொல்லி, கைதட்டலும் நானே தட்டிக்கொண்டிருந்தேன்.

பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். அச்செடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றவும் செய்யலாம். அதற்கான உரிமத்தோடுதான் தருகிறார்கள். நான் ஒரு கதையை அச்செடுத்து, நோட்டு அட்டையை வெட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படத்தின்மேல் கதவுபோல் ஒட்டினேன். கதவின்மேல் ஒரு கேள்வி. அவ்வளவுதான், காகிதக் கதவு தமிழ் பேசத் தொடங்கிவிட்டது.

கேள்வி வெளியே, பதில் உள்ளே. இது நமக்கு விடுகதைதானே? எங்கள் பாட்டி தாளே இல்லாமல் செய்த வேலை. இப்போது நாங்களே கட்டுகிறோம். "இரண்டு கோட்டில் ஓடும், நின்ற இடத்தில் வாயைத் திறக்கும், ஆளை விழுங்கும், ஆளைத் துப்பும்." கதவைத் திறந்தால் கேஎல் சென்ட்ரல் ரயில். "நூறு முள் காவல், உள்ளே மஞ்சள் மெத்தை." இதற்குக் கதவைத் திறக்கும் முன்பே வாசனை வந்துவிடும் என்றாள்.

எழுத்தோடு விளையாடுவதும் நமக்கு அந்நியம் அல்ல. ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்றுப் பதிகம் பாடியிருக்கிறார். பின்னிப் பிணைந்த பாம்புகளின் உடல் வழியே விரலை ஓட்டிப் படிக்க வேண்டிய நாகபந்தங்களும் தமிழில் உண்டு. அவளுக்கு 'விகடகவி' என்று எழுதிக் காட்டினேன். திருப்பிப் படித்துவிட்டு, காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அப்படி வராது என்று சொல்லப் பத்து நிமிடம் ஆனது.

பிறகு மைலோ பெட்டி அட்டையில் இரண்டு வட்டம் வெட்டினேன். பெரிய வட்டத்தின் ஓரத்தில் 18 மெய்யெழுத்து, சின்ன வட்டத்தில் 12 உயிரெழுத்து. நடுவில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்தால் சுற்றும். 'க்' வந்து 'இ'யோடு சேர்ந்தால் 'கி' என்று அவள் சொல்ல வேண்டும். பதில் எங்கும் அச்சிடவில்லை. 216 உயிர்மெய்யும் ஒரு மைலோ பெட்டிக்குள் அடங்கிவிட்டன. எழுதச் சொன்னால் முகம் சுளிப்பவள், இதை இரவு படுக்கைவரை சுற்றிக்கொண்டிருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸுக்கு மறுபடி போனபோது நடைபாதையில் மஞ்சள் கட்டைகளின் மேடுகளைக் காட்டி, "இது ஏன் சித்தி முள்ளு முள்ளா இருக்கு?" என்றாள். அங்கேதான் 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கும் வட்டாரம். பார்க்க முடியாதவர்கள் காலாலும் கைத்தடியாலும் வழி அறிவதற்கு என்றேன். "அவங்களுக்குப் புக்கு?" தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து இருக்கிறது, தமிழுக்கும் இருக்கிறது, அதில் 'அ' என்பது ஒரே ஒரு புள்ளி என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் மை தீர்ந்த பேனாவால் தாளின் பின்புறம் குத்தி ஒரு மேடு செய்தாள். கண்ணை மூடித் தடவிப் பார்த்து, "அ" என்று வாசித்தாள். அவள் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல் செய்த முதல் தமிழ் வீட்டுப்பாடம் அது.

இப்போது வீட்டில் இன்னொரு சிக்கல். சக்கரத்தைச் சுற்றும்போது 'ங்' வந்து 'ஓ'வில் நின்றது. "ஙோ" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஙோன்னா என்ன சித்தி?" அப்படி ஒரு சொல் இல்லை என்றேன். இல்லை என்றால் அது ஒரு மிருகமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். ஏழு தாள்களை மடித்து நூலால் கட்டி ஒரு புத்தகம் தயாராகிறது. ஙோவுக்கு மூன்று கால், டுரியான் முதுகு. கடைசிப் பக்கத்தில் ஒரு காகிதக் கதவு ஒட்டியிருக்கிறாள். கதவின்மேல், 'ஙோ' தலைகீழாகத் திரும்பிக் கிடந்தாலும், அவள் கையெழுத்தில் "ஙோ எங்க தூங்கும்?" என்று இருக்கிறது. உள்ளே இன்னும் ஒன்றும் வரையவில்லை. நேற்று இரவு போன் செய்து, என் பதிலைக் கேட்டுவிட்டு, "இல்ல, அது தப்பு" என்று வைத்துவிட்டாள்.