குசும்பு: யார் யாரிடம்?

'கோயமுத்தூர்க் குசும்பு' என்றால் என்ன என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். கேலி என்றால் பாதிதான் வருகிறது. நக்கல் என்றால் கூடிப்போகிறது. தாமதமாக வந்த டவுன் பஸ்ஸின் கண்டக்டரிடம் ஒருவர், 'ஏனுங்க, இது நேத்து வண்டிங்களா, இன்னிக்கு வண்டிங்களா?' என்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது. குத்து கேள்வியில் இருக்கிறது. 'ங்க' அதை மூடிக்கொள்கிறது. கோபித்துக்கொண்டால் கண்டக்டர்தான் மரியாதை தெரியாதவர்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். தோட்டத்தில் கூலி தள்ளிப்போன அன்று ஓர் அருந்ததியப் பண்ணையாள், 'ஏனுங் சாமி, இது போன வாரத்துக் கூலிங்களா, இந்த வாரத்துதுங்களா?' என்று அதே முகத்தோடு கேட்கட்டும். அதற்குப் பேர் குசும்பு இல்லை, கொழுப்பு. 'ங்க'வும் இருக்கிறது, 'சாமி'யும் இருக்கிறது; பலனில்லை. கவுண்டர் 'ங்க' போடாமலே அவரைக் கிண்டலடித்தால், 'கவுண்டருக்குக் குசும்பு ஜாஸ்தி' என்று ஊர் ரசிக்கும். ஆக, குசும்பு ஒரு நகைச்சுவை வகை என்பதைவிட, பேசுகிறவருக்குத் தரப்படும் அனுமதி என்றே கருதுகிறேன்.

மணிவண்ணனின் 'அமைதிப்படை'யில் (1994) வாக்கு எண்ணிக்கை ஏற ஏற, நாற்காலி நுனியில் ஒடுங்கியிருந்த அமாவாசை சாய்ந்து உட்காருகிறான். கூடவே மரியாதையும் இடம் மாறுகிறது. சாதி அப்படி எண்ணிக்கைக்கு அசைவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்த் திரும்பும் பையன்கள் சிலர் அதே கேள்வியை இப்போது 'சாமி' போடாமல் கேட்கிறார்கள். ஊர் அதற்கு வைத்திருக்கிற பேர் 'திமிர்'.