கொட்ஸ்வோல்ட் நீர்ப் பூங்கா

கொட்ஸ்வோல்ட் நீர்ப் பூங்கா என்பது இங்கிலாந்தில் குளொஸ்டர்சயர், வில்ட்சயர் மாவட்டங்களின் எல்லையில், தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதியில் அமைந்துள்ள 150-க்கும் மேற்பட்ட ஏரிகளின் தொகுதி ஆகும். இவை இயற்கையானவை அல்ல. 20ஆம் நூற்றாண்டு முதல் மணலும் சரளைக்கல்லும் அகழ்ந்தெடுக்கப்பட்டதால் உருவான குழிகள் ஆகும்.

பனியூழிக் காலத்தில் படிந்த இச்சரளை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழும் காணப்படுகிறது. எனவே நீரை இறைத்தபின் அகழ்வு நடைபெறுகிறது. இறைப்பு நின்றதும் குழிகளில் நீர் நிரம்புகிறது. அவற்றை மீண்டும் வயலாக்கப் பெருமளவு நிரப்பு மண் தேவைப்படும். இதனால் பெரும்பாலானவை ஏரிகளாகவே விடப்பட்டன.

நாணல் வேரூன்ற ஆழமற்ற நீர் வேண்டும். செங்குத்தான கரைகளில் அது அமைவதில்லை. சரளை முழுவதும் அகற்றப்பட்டபின் சரிவான கரை அமைக்கப் பொருள் எஞ்சாது. ஆதலால் கரையின் சரிவு, ஏரியின் ஆழம், மேல்மண்ணைச் சேமிக்கும் இடம் ஆகியவை அகழ்வுக்கு முன்னரே திட்டமிடப்படுதல் அவசியம். நில மீட்பையும் அதன் பிந்திய பராமரிப்பையும் அகழ்வு அனுமதியின் நிபந்தனைகளாக விதிக்க 1981ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் வழிவகுத்தது.