கேட் விழுந்த பாதை

பிளேன்டீயைக் குடியுங்கள் தம்பி, ஆறுதலாகச் சொல்கிறேன். கற்பிட்டியில் 14 தீவுகளைச் சேர்த்துச் சுற்றுலாத் திட்டம் பேசப்பட்ட காலந்தொட்டு மீனவர்கள் சொல்லும் முறைப்பாடுதான் இது: கடற்கரைக்குப் போகும் வழி அடைபடுகிறது.

கடலலை தொடும் கரை அரசுக்குரியது. அதில் சண்டையில்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் தரைப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. அவ்வளவும் பொதுநிலம் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அப்படியில்லை. அங்கே கட்டடம் எழுப்ப அனுமதி எடுக்க வேண்டும். காணி உறுதி வைத்திருப்பவருடையதாகவே இருக்கும். தகராறெல்லாம் றோட்டுக்கும் மணலுக்கும் இடைப்பட்ட தென்னந்தோட்டங்களில்தான்.

உங்கள் காணிக்குப் போகப் பக்கத்துக் காணியூடாக வழி கேட்டால், 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பத்து வருடம் இடையூறில்லாமல், சொந்தக்காரரின் உரிமையை ஒப்புக்கொள்ளாமல், ஒரே தடத்தில் போயிருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் விழுகிறார்கள். படகு என்ஜினைத் தோளில் சுமந்து வருபவர் தோட்டக்காரரிடம், “ஐயா, போகட்டுமா?” என்கிறார். திரும்பும்போது கறிக்கு இரண்டு மீன் கொடுக்கிறார். நல்ல மனிதப் பழக்கம். ஆனால் ‘அனுமதியோடுதான் போனார்’ என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதையே பிடிப்பார். பண்பாக நடந்தவனே தோற்பது எனக்கு மனதுக்கு ஒவ்வாத விஷயம்.

ஊரே நடந்த பாதையென்றால் கதை வேறு. அதற்குப் பத்து வருடக் கணக்கல்ல. எவருக்கும் நினைவில்லாத காலந்தொட்டுப் பொதுமக்கள் போய்வந்ததைக் காட்ட வேண்டும். தனியாள் வழியுரிமை வழக்காகப் போட்டால் வலுவான சங்கதியும் பலவீனமாகிவிடும். பொதுப்பாதையை மறித்த தடையை அகற்றும்படி நீதவான் கட்டளையிடக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இடந்தருகிறது. அடிதடி வருமளவுக்குப் போனால் பொலிஸ் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் அறிக்கை போடலாம். அதில் கிடைப்பது தற்காலிகக் கட்டளை. முடிந்த முடிவு மாவட்ட நீதிமன்றத்தில்தான்.

ஆகவே கேட் விழுந்தபின் கத்துவதைவிட இப்போதே பிரதேச சபைக்குப் போங்கள். பாதை அவர்கள் வீதிப் பதிவேட்டில் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கும்படி ஊராகக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். பழைய அளவைப் பிளான்களில் அந்தத் தடம் கோடாக விழுந்திருந்தால் அதன் பிரதியை எடுத்து வையுங்கள். எழுபது, எண்பது வயதுக் கரைவலைக்காரர்களின் சத்தியக்கடதாசிகளை இந்த மாதமே எழுதி வாங்குங்கள்.